அருகிவரும் கோகோ இனமும் நமது கடமையும்

மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு ஆகிய பகுதிகளில் காப்பிக் கொட்டையைத் தரமறிந்து வறுத்து அரைத்து வாங்குவது நெடுநாளைய வழக்கம். இன்று சென்னையில் சிலர் சாக்லேட்டையும் விதையிலிருந்தே சிறு அளவில் செய்து வருகின்றனர். இத்தகையோர் நாடுவது மணம் மிக்க அரிய கோகோ இனங்களை. அவற்றுள் சிறந்ததொன்று, நம் நாட்டிற்கு முதலில் வந்த இனமேயாகும்.

1798-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் நடச் செய்தது கிரியோலோ என்னும் இனம். மணத்தில் உயர்ந்தது, விளைச்சலில் குறைந்தது. ஆதலின் 1960-களில் வாணிகச் சாகுபடி தொடங்கியபோது, மிகுதியாகக் காய்க்கும் பாரஸ்டிரோ இனமே பரவிற்று.

பழைய மரத்தை அறிவது எவ்வாறு? பச்சை விதையைக் குறுக்கே வெட்டினால், கிரியோலோவின் உட்புறம் பெரும்பாலும் வெண்மையாகவும், பாரஸ்டிரோவினது ஊதாவாகவும் இருக்கும். வெண்ணிற விதை தரும் மரத்தை, காய்ப்புக் குறைவென்று வெட்டிவிடலாகாது. அதன் விதையை நட்டால் அயல் மகரந்தத்தால் இனம் கலக்கும். ஒட்டுக் கட்டியே பெருக்குதல் வேண்டும்.

விதைகளைக் கலத்தலும் ஆகாது. கிரியோலோ 2, 3 நாட்களில் புளித்துவிடும். பாரஸ்டிரோவுக்கு 5 முதல் 7 நாட்கள் வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் இட்டால், ஒன்று மிகையாகும் அல்லது மற்றது குறையாகும்.

சில மரங்களே உடையவர் தனித்து இதனைச் செய்தல் அரிது. குவியல் சிறுத்தால் புளிப்பதற்குரிய வெப்பம் எழாது. பாக்கு விவசாயிகளுக்காக 1973-இல் மங்களூரில் தோன்றிய காம்ப்கோ கூட்டுறவு, 1986-இல் கர்நாடகத்துப் புத்தூரில் சாக்லேட் ஆலையே கண்டது. அண்டைத் தோட்டத்தார் ஓரின விதையை ஒரே நாளில் சேர்த்துப் புளிக்க வைப்போமாயின், மணத்திற்குரிய விலையை நாமும் கேட்டுப் பெறலாம்.