மாத நாவலும் வாடைக்காற்றும்

நாவல் வாசிக்கிற பெண்பிள்ளை கெட்டுப்போவாள் என்று சொல்லும் உம்மாமார் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். சகோதரிகளே, உங்களிடம் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? நான் நாற்பது வருடமாக நாவல் வாசிக்கிறவள். காதல் கதை, துப்பறியும் கதை இரண்டும்தான். சோறு வடிக்கிற நேரத்திலும் வாசித்திருக்கிறேன். நயினாதீவு லோஞ்சில் உப்புத் தண்ணீர் தெறிக்கத் தெறிக்கவும் வாசித்திருக்கிறேன். அதனால் இந்தக் கதைகளின் நல்லதையும் பொல்லாததையும் மனம் திறந்து சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

நயினாதீவு என் உம்மாவின் ஊர். நாகபூஷணி அம்மன் கோவிலும் நாக விகாரையும் நம் பள்ளிவாசலும் ஒரே சின்னத் தீவுக்குள் இருக்கும் ஊர் அது. அந்தக் காலத்தில் ஒரு மாத நாவல் அங்கே வந்து சேருவதே ஒரு கதை. சென்னையில் அச்சாகி, கொழும்புக்கு வந்து, யாழ்ப்பாணத்துக் கடையில் தொங்கி, பண்ணைப் பாலம் கடந்து, பஸ்ஸில் குறிகட்டுவான் வரை ஆடி ஆடிப் போய், பிறகு வள்ளமேறி வரவேண்டும். வந்த புத்தகம் பத்து வீடு சுற்றும். சுற்றி முடியும்போது அட்டை இருக்காது, கடைசிப் பக்கங்களும் இருக்காது. கொலைகாரன் யாரென்று தெரியாமலே நான் முடித்த துப்பறியும் நாவல்கள் எத்தனையோ! மூத்தம்மா அடுப்பு மூட்டக் கிழித்தாரோ, மச்சிமார் வேண்டுமென்றே ஒளித்தார்களோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

முதலில் காதல் கதையைப் பார்ப்போம். இதில் ரமணிசந்திரனைத் தாண்டி யாரும் பேச முடியாது. அவர் நாவல்களை உம்மாவும் மகளும் ஒரே கட்டிலில் இருந்து வாசிக்கலாம். கூச்சப்பட வைக்கும் எழுத்து அதில் இல்லை, குடும்பம் இருக்கிறது, கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்ற நிம்மதியும் இருக்கிறது. பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு அலுத்துப்போய் உட்காரும் ஒரு பெண்ணுக்கு அந்த நிம்மதி சின்ன விஷயமா? அதை இளக்காரமாகப் பேசும் பெரிய எழுத்தாளர்கள் ஒருநாள் ஆறு பேருக்குச் சமைத்துப் பார்க்கட்டும்.

ஆனால் ஒன்று. அந்தப் பாணிக் கதைகளில் வரும் மாப்பிள்ளையை யோசித்துப் பாருங்கள். பணக்காரன், உயரமானவன், எரிந்து விழுபவன். பெண்ணைத் தப்பாகப் புரிந்துகொள்வான். மணிக்கட்டைப் பிடித்து முறுக்குவான். கட்டாயப்படுத்தித் தாலி கட்டுவதும் உண்டு. நூற்றைம்பது பக்கம் சுடுசொல், பிறகு ஒரு காய்ச்சலோ விபத்தோ வந்ததும், “இதெல்லாம் உன்மேல் வைத்த அன்பினால்தான்” என்பான். அவளும் அழுதுகொண்டே சிரிப்பாள். புத்தகம் முடிந்தது.

இதே சரக்கு இப்போது போனுக்குள் வந்துவிட்டது. பிரதிலிபி போன்ற செயலிகளில் பெண்களே எழுதும் தொடர்கதைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் நல்ல எழுத்தும் உண்டு, மறுக்கவில்லை. அங்கே ‘ஆன்டி ஹீரோ’ என்று ஒரு தனி வகையே இருக்கிறது. அடிக்கிற, அடைத்துவைக்கிற, மிரட்டுகிற ஆண்தான் அதில் நாயகன். முன்பு அட்டையைப் பார்த்தாவது உம்மாவுக்குப் பிள்ளை என்ன வாசிக்கிறாள் என்று தெரியும். போனுக்கு அட்டை ஏது?

எங்கள் சொந்தத்தில் ஒரு பிள்ளைக்குச் சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை தன் உம்மாவையே சபையில் அதட்டுகிறவர் என்று கேள்விப்பட்டு நாங்கள் தயங்கினோம். பிள்ளை சொன்னாள்: “கோபக்காரருக்குத்தான் மாமி உள்ளுக்குள் பாசம் கூட.” எனக்கு நெஞ்சு திக்கென்றது. இந்த வாக்கியம் அவளுடையதில்லை, எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நிக்காஹ்வுக்குப் பெண்ணின் சம்மதம் கேட்கிற மார்க்கம் நம்முடையது. கட்டாயக் கல்யாணத்தை இனிப்பாக்கித் தரும் கதையை நம் பிள்ளைகள் ஆயிரம் தடவை விழுங்கிய பிறகு, அந்தச் சம்மதத்தை அவர்கள் எந்த மனதோடு சொல்வார்கள்? எனக்குக் கதையில் வரும் காதலோடு கோபமில்லை சகோதரிகளே. முரட்டுத்தனத்துக்குக் காதல் என்று பெயர் வைப்பதுதான் பொறுக்கவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. இந்த நாவல்களில் யாரும் தண்ணீர் சுமப்பதில்லை! கொடைக்கானல் மழையில் நனைவார்கள், அவ்வளவுதான். கிணறெல்லாம் உவர்ப்பாகிப் போன தீவுகளில், குடிக்க நல்ல தண்ணீர் தேடிக் குடத்தோடு நடந்த பெண்கள் நாங்கள். எங்கள் பகுதி ஆண்களோ கொழும்பிலும் தென்னிலங்கையிலும் கடை வைத்து, பெருநாளுக்கும் திருவிழாவுக்கும் ஊர் வந்தவர்கள். பிறகு பாரிஸ், லண்டன், கனடா என்று பிரிந்தார்கள். கடிதத்திலேயே குடும்பம் நடத்திய பெண்கள் ஊருக்கு ஊர் உண்டு. காத்திருப்பதைவிடப் பெரிய காதல் கதை எது? அதை எழுத மாத நாவல்காரர்களுக்குத் தெரியவில்லை, பாவம். அவர்களுடைய நாயகன் எப்போதும் காரோடு வாசலிலேயே நிற்கிறான்.

தெரிந்த ஒருவர் இங்கேயே இருந்தார். 1970களில் இந்திய இதழ்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது, வீரகேசரி நிறுவனம் நம் நாட்டு எழுத்தாளர்களின் நாவல்களை மலிவு விலையில் வெளியிட்டது. அந்த வரிசையில் 1973இல் வந்ததுதான் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’. க. குணராசா என்ற இயற்பெயருடைய அவர் புவியியல் படித்தவர், அரச நிர்வாக அதிகாரியாக இருந்தவர், 2016இல் காலமானார். கதை நடப்பது நெடுந்தீவில்.

வாடை பெயரத் தொடங்கும் பருவத்தில் வெளியூர் மீனவர்கள் நெடுந்தீவுக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்கிறார்கள். செமியோன், மரியதாஸ் என்று வந்தவர்கள். நாகம்மா, பிலோமினா என்று தீவுப் பெண்கள். நாகம்மாவுக்கு உறவுமுறையில் விருத்தாசலம் என்ற மச்சான் இருக்கிறான். காற்று மாறினால் வாடி கலையும், வந்தவன் போவான். அவன் போவான் என்று தெரிந்துகொண்டே அவள் மனம் வைக்கிறாள். இதில் வில்லன் யார், சொல்லுங்கள்? காற்றுத்தான்! பணம் இல்லை, கார் இல்லை, முறுக்கிய மணிக்கட்டைக் கொண்டாடுவதும் இல்லை. மீன் நாற்றமும் பனையோலையும் இருக்கின்றன. ஆனாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. 1978இல் இது திரைப்படமாகவும் வந்தது. படத்தைவிடப் புத்தகம் மேல் என்பது என் கட்சி.

இதை உயர்ந்த இலக்கியம் என்று உங்களிடம் விற்கவில்லை. சில இடங்களில் ஆசிரியர் அவசரப்படுகிறார். ஆண்களின் உள்மனதை எழுதிய அளவுக்குப் பெண்களின் உள்மனதைத் தோண்டவில்லை என்பது என் குறை. ஆனால் அந்தப் பெண்கள் வேலை செய்கிறார்கள், முடிவெடுக்கிறார்கள், அதற்கு விலையும் கொடுக்கிறார்கள். நம் பெண்பிள்ளைகளுக்கு நான் இதைத் தயங்காமல் கொடுப்பேன்.

இனித் துப்பறியும் கதை. இதில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் ஆசைதான். தமிழ்வாணனின் சங்கர்லாலில் தொடங்கி, சுஜாதாவின் கணேஷ் – வசந்த், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் – சுசீலா, சுபாவின் நரேந்திரன் – வைஜயந்தி, ராஜேஷ்குமாரின் விவேக் – ரூபலா என்று எல்லாரும் எனக்குப் பழக்கமானவர்கள். ராஜேஷ்குமார் 1,500க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். ஒரு அத்தியாயம் ஒரு ஊரில், அடுத்தது சம்பந்தமே இல்லாத வேறு ஊரில் என்று இரண்டு தடமாக ஓட்டிக் கடைசியில் முடிச்சுப் போடுவார். இடையில் புத்தகத்தை வைக்க முடியாது, கறி அடிப்பிடித்துவிடும்.

பிடிக்காததையும் சொல்கிறேன். இந்த வகைக் கதைகளில் பாதிக்கு மேல் முதல் பக்கத்திலேயே ஒரு இளம்பெண்ணின் பிணம். அவள் எப்படிக் கிடந்தாள், என்ன உடுத்திருந்தாள் என்று ஒரு வர்ணனை. அவள் யார், அவளுக்கு என்ன ஆசை இருந்தது என்று ஒரு வரி கிடையாது. 2015 மே மாதத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்தை நான் வாசிப்பதே இல்லை. குறிகட்டுவான் இருக்கிற அதே புங்குடுதீவில், பள்ளிக்குப் போன மாணவி ஒருத்தி சிதைத்துக் கொல்லப்பட்டாள். 2017 செப்டம்பர் 27இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் ஏழு பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தீவுப் பகுதிப் பெண்களுக்கு அது மர்மக் கதை இல்லை. பள்ளிக்குப் போகும் பாதை.

பின் ஏன் இன்னமும் வாசிக்கிறாய் என்று கேட்பீர்கள். 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலர் கடலிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கணக்கு இன்றுவரை தீரவில்லை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தைவிட்டு எங்களைப் போகச் சொன்னபோதும், ஏன் என்று யாரும் சொல்லவில்லை. புத்தளத்து ஓலைக் கொட்டிலில் ஒரு பழைய துப்பறியும் நாவல் கையில் கிடைத்தது. அதில் கடைசிப் பக்கங்கள் இருந்தன! குற்றவாளி பிடிபட்டான், காரணமும் சொல்லப்பட்டது. நூறு பக்கத்துக்குள் நியாயம் கிடைக்கும் ஒரு உலகம் எவ்வளவு பொய்யாக இருந்தாலும், அன்று இரவு நான் தூங்கினேன்.

நம்மவர்கள் இந்தக் கதைகளில் எப்படி வருகிறார்கள் என்பதும் சொல்லத்தான் வேண்டும். கடத்தல்காரன் என்றால் ஒரு முஸ்லிம் பெயர், குண்டு என்றால் இன்னொரு முஸ்லிம் பெயர். எல்லாரும் அப்படி எழுதுவதில்லை. ஆனால் சோம்பேறித்தனமாக எழுதுகிறவர்கள் அங்கேதான் போய் நிற்கிறார்கள். எரிச்சல் வரத்தான் செய்கிறது. ஏனென்றால் இந்த நாட்டின் முதல் தமிழ் நாவலை எழுதியவரே ஒரு முஸ்லிம். கண்டி சித்திலெப்பையின் ‘அஸன்பே சரித்திரம்’ 1885இல் வந்தது. எகிப்தில் பிறந்து, குழந்தையிலேயே கடத்தப்பட்டு, இந்தியாவில் வளரும் ஒரு பையனின் கதை. அந்தக் கால நடை கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கதை ஓட்டமோ அசல் திகில் நாவல்தான்.

பெண்கள் எழுதவில்லையா என்றால், மூன்றாம் வகுப்பு வரை மட்டுமே பள்ளி சென்ற நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இலேயே ‘காதலா? கடமையா?’ என்ற நாவலை வெளியிட்டார். உ.வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை எழுதினார். நாவல் என்றாலே முகம் சுளிக்கும் மூத்தவர்களிடம் நான் காட்டுவது இந்தப் பெயரைத்தான்.

தீவுகளில் இருந்து பிறகு வந்த எழுத்தில் அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) இருக்கிறது. எந்தத் திகில் கதையும் அதற்கு முன்னால் நிற்காது. ஆனால் பேச்சு மொழி கொச்சை, கொடுமைகள் அப்படியே வருகின்றன. பெரியவர்கள் வாசியுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

நம் நாட்டின் பழைய தமிழ்ப் புத்தகங்கள் பல ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்தில் காசில்லாமல் வாசிக்கக் கிடைக்கின்றன. பிள்ளைகளின் போனைப் பறிப்பதற்கு முன்னால், அதில் ‘வாடைக்காற்று’ இருக்கிறதா என்று அவர்களையே தேடச் சொல்லுங்கள். நாகம்மா எடுத்த முடிவு சரியா பிழையா என்று என் மகளுக்கும் எனக்கும் இன்னும் சண்டை தீரவில்லை. முடிவு என்னவென்று இங்கே சொல்லமாட்டேன். வாசித்துவிட்டு நீங்கள் யார் பக்கம் என்று எழுதுங்கள்.