ஊசிப் பயமும் பரிசோதனை எண்ணும்

"உங்களுக்கு ஒரு ஓமோன் கூடியிருக்கிறது, திரும்பவும் இரத்தம் எடுக்கவேண்டும்" என்று வைத்தியர் சொன்னதும், மூளையில் பெரிய வருத்தம் என்று எம்மவர் பலர் கலங்கிவிடுகிறார்கள். சிலவேளை காரணம் ஊசிப் பயமாகவே இருக்கலாம்.

மூளையின் அடியில் கடலையளவில் இருப்பது கபச்சுரப்பி. அதை மூளையே ஆள்கிறது என்று விளக்கிய ஜெவ்ரி ஹரிஸின் நூல் 1955இல் வெளிவந்தது. அப்போது அவர் ஆய்வு செய்தது நமது தென் இலண்டனில், மோட்ஸ்லி வைத்தியசாலையோடு இணைந்த ஆய்வுக்கூடத்தில். மனம் பதறினால் இச்சுரப்பியின் புரோலக்ரின் என்ற ஓமோன் சிறிது நேரம் உயரும்.

ஆகவே அது சற்றுக் கூடியிருந்தால் வைத்தியர்கள் உடனே முடிவு கட்டுவதில்லை, மறுமுறை பார்ப்பார்கள். சில வைத்தியசாலைகளில் கையில் மெல்லிய குழாய் பொருத்தி, ஆறுதலாக இருக்கவிட்டு, அதனூடாகவே இரத்தம் எடுப்பார்கள். மீண்டும் குத்தவேண்டியதில்லை; பதற்றமும் தணிந்திருக்கும். கர்ப்பம், பாலூட்டல், சில மருந்துகள் ஆகியனவும் இதைக் கூட்டும். அவற்றை மறைக்காமல் சொல்லுங்கள்.

முகாமிலும் சோதனைச் சாவடியிலும் துன்பப்பட்டவர்களுக்குப் பூட்டிய அறையே நெஞ்சைப் படபடக்க வைக்கும். இதில் வெட்கமில்லை. "எனக்கு ஊசி பயம், படுத்திருந்து இரத்தம் தரலாமா?" என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பாளரை என்.எச்.எஸ். இலவசமாக ஒழுங்கு செய்யும். பள்ளிக்கூடப் பிள்ளையை அதற்காகக் கூட்டிப்போக வேண்டாம்.

இரண்டாம் பரிசோதனைக்குத் தவறாமல் போங்கள். முதல் எண் நோயைக் காட்டியதா, பயத்தைக் காட்டியதா என்பதை அறிய அதுவே வழி.