இடக்கைக்காரருக்கு ஏற்ற துப்பாக்கி

ஒரகடத்தில் 2013ஆம் ஆண்டு முதல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் தயாராகி வருவதை நாம் அறிவோம். ஆனால் அந்தப் பெயர் துப்பாக்கியோடு தொடர்புடையது என்பதை அறிந்தோர் சிலரே. லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு என்னும் ஊரில் ஆங்கில அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. அதற்கு உறுப்புகள் செய்து கொடுத்த ஒரு நிறுவனம், 1890களில் தன் மிதிவண்டிகளுக்கு அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டது. 'துப்பாக்கியைப் போல் செய்யப்பட்டது' என்பது அதன் விளம்பர வாசகம். பீரங்கி அதன் சின்னம்.

அத்தொழிற்சாலையோடு சேர்த்துப் பேசப்படும் புகழ்பெற்ற ஆயுதம், 1853ஆம் ஆண்டு மாதிரி ரைபிள். 1857ஆம் ஆண்டுப் புரட்சிக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படும் கொழுப்புத் தடவிய தோட்டா இதற்கு உரியதே. இது குழலின் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் வகையைச் சேர்ந்தது. 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஐதர் அலியின் படையும் கம்பெனிப் படையும் மோதியபோது இரு தரப்பாரும் ஏந்தியதும், நம் நரிக்குறவர்கள் வேட்டைக்கு வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியும் இதே இனந்தான்.

இவை யாவும் பெரும்பாலும் வலக்கைக்காரருக்கென்றே செய்யப்பட்டவை. மக்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர் இடக்கைப் பழக்கம் உடையவர்கள். அவர்கள் இதை எடுத்தால் என்ன ஆகும்?

இயங்கும் முறை

முதலில் குழல் வாயில் அளந்த கருமருந்தை இட வேண்டும். அதன் மேல் குண்டையோ சன்னத்தையோ வைத்துக் கோலால் இறுக்க வேண்டும். இது வரை இடக்கை, வலக்கை வேறுபாடு இல்லை. தொல்லை அடுத்த கட்டத்தில்தான் தொடங்குகிறது.

குழலின் அடிப்பகுதியில் பற்றுவாய் என்னும் சிறு துளை உண்டு. பழைய வகையில் எரியும் திரியும், பின்னர் சிக்கிமுக்கிக் கல்லின் பொறியும், அதற்கும் பின்னர் 'கேப்' என்னும் சிறு செம்புத் தொப்பியும் அத்துளை வழியே நெருப்பை உள்ளே அனுப்பின. விசையை இழுத்ததும் அடிக்கும் உறுப்புக்குக் 'குதிரை' என்று பெயர். பற்றுவாயும் குதிரையும் வழக்கமாகத் துப்பாக்கியின் வலப்புறத்தில் அமைந்திருக்கும்.

வலக்கைக்காரர் தம் வலக் கன்னத்தைக் கட்டையின் இடப்பக்கத்தில் பதிக்கிறார். அவர் முகத்துக்கும் நெருப்புக்கும் இடையே கட்டையும் குழலும் மறைப்பாக நிற்கின்றன. இடக்கைக்காரருக்கோ அந்த மறைப்பு இல்லை. அவர் கன்னம் வலப்பக்கத்தில் பதிவதால், நெருப்பு அவர் முகத்தின் பக்கத்திலேயே எழுகிறது. கல் வகையில் கிண்ணியில் இட்ட மருந்து பக்கவாட்டில் சீறி எரியும். குழலைத் தாங்கும் வலக்கையும் அதற்கு அருகில் இருக்கும். ஆகவே இங்குப் பிரச்சினை வசதிக் குறைவு மட்டுமன்று. கண்ணுக்கே ஆபத்து உண்டு.

தேர்ந்தெடுக்கும் வகை

முதலில் அறிய வேண்டியது கையை அன்று, கண்ணை. இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு இடைவெளி விட்டு, தொலைவிலுள்ள ஒரு பொருளைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் இடைவெளியிலேயே நிற்கிறதோ, அதுவே குறி பார்க்கும் கண். இடக்கையால் எழுதுபவருக்கும் வலக்கண் வலுவுடையதாக இருக்கக்கூடும். அத்தகையவர் வலத்தோளில் வைத்துப் பழகுவது எளிது. சாதாரணத் துப்பாக்கியே அவருக்குப் போதும்.

இடக்கண் உடையவருக்கு மிகவும் ஏற்றது, கண்ணாடிப் பிம்பம்போல் எல்லாவற்றையும் இடப்புறம் மாற்றி அமைத்த துப்பாக்கி. இது அரிது, பெரும்பாலும் சொல்லிச் செய்ய வேண்டும். அடுத்தது இரட்டைக் குழல் துப்பாக்கி. அதில் குழலுக்கு ஒன்றாக இருபுறமும் குதிரை உண்டு. இடக்கைக்காரர் இடக்குழலைச் சுட்டால் நெருப்பு முகத்துக்கு மறுபுறம் போய்விடும். மூன்றாவது, குதிரையைக் குழலின் அடியில் அமைத்த வகை. இது எந்தக் கைக்கும் பொது.

இவை கிடைக்காவிட்டால் கல் வகையை விடுத்துக் 'கேப்' வகையை நாடுவது நலம். அதில் நெருப்புக் குறைவு. ஆயினும் செம்புத் துணுக்குகள் தெறிக்கலாம் என்பதால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இன்றியமையாதது. கட்டையின் வளைவையும் பார்க்க வேண்டும். வலப்பக்கம் சற்றே வளைந்த கட்டை இடக்கைக்காரரின் கன்னத்தில் இடிக்கும். நேரான கட்டை இருவருக்கும் ஒத்துவரும்.

இவ்வகைத் துப்பாக்கிகளுக்கென 1971இல் ஒரு பன்னாட்டு அமைப்பு தோன்றி, போட்டிகளை நடத்தி வருகிறது. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். வனவிலங்கு வேட்டையை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆகவே இது குறி பார்க்கும் விளையாட்டாகவே இருத்தல் வேண்டும்.

நமக்கு உரைப்பது

நம்மில் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொடப்போவதில்லை. ஆனால் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளில் இயந்திரத்தைத் தொடப்போகிறவர்கள் நம்மிடையே பலர். அங்கும் கேள்வி ஒன்றே: ஆபத்து எந்தப் பக்கம் இருக்கிறது, என் கை எந்தப் பக்கம் இருக்கிறது? இரு பொத்தான்களை இரு கைகளாலும் ஒருசேர அழுத்தினால்தான் இறங்கும் பவர் பிரஸ், அடியில் குதிரை வைத்த துப்பாக்கியைப் போன்றது. இடக்கைக்கும் வலக்கைக்கும் அது ஒரே காவல்.

துப்பாக்கி செய்தவன் இடக்கைக்காரரை வெறுத்தவன் அல்லன். அவரை நினைக்கவில்லை, அவ்வளவே. பீச்சாங்கை என்று குழந்தையை அதட்டி எழுதுகோலை மாற்றிக் கொடுப்பவரும் அப்படித்தான். கையை மாற்றுவதைவிடக் கருவியை மாற்றுவது எளிது என்பதை, நாளை ஆசிரியராகவும் மேற்பார்வையாளராகவும் ஆகப்போகும் நாம் மனத்தில் கொள்வோமாக.