மாணவராய் அமர்ந்த குருவானவர்

சங்க காலத்து வள்ளல் ஒருவனின் பெயரை நாள்தோறும் நம் நாவில் வரச் செய்யும் ஊர் குமணன்சாவடி. அதற்கு அண்மையில், பூவிருந்தவல்லியில், 1936-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற திரு இருதயக் குருமடம் இருக்கின்றது. குமணனைப் பாடிய புறநானூற்றையும் குருத்துவத்தையும் ஒரே நெஞ்சில் வைத்துப் போற்றிய ஒருவரை நம் பங்குக் குடும்பங்கள் நினைவுகூர இவ்வூர் பொருத்தமானதே. அவர் இங்கே பயின்றவர் அல்லர், ஈழநாட்டவர். தவத்திரு சேவியர் தனிநாயகம் அடிகளார்.

யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறையின் கரம்பொன் என்னும் சிற்றூரில் 1913 ஆகஸ்டு 2-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் என்றி தனிஸ்லாஸ் கணபதிப்பிள்ளை. தாயார் சிசிலியா இராசம்மா. பெற்றோரின் பெயர்களைப் பாருங்கள்: திருமுழுக்குப் பெயரும் தமிழ்ப் பெயரும் அவ்வில்லத்தில் ஒன்றையொன்று தள்ளிவிடவில்லை. சேவியர் என்று அழைக்கப்பட்ட மகனும் பின்னாளில் தம் முன்னோர் பெயராகிய தனிநாயகத்தை விரும்பி ஏற்றுக்கொண்டார்.

ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரி, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி, கொழும்பு புனித பெர்னார்டு குருமடம், அதன்பின் உரோமை உர்பன் பல்கலைக்கழகம் எனக் கல்வி வளர்ந்தது. 1938 மார்ச்சு 19, புனித சூசையப்பர் திருநாளன்று, உரோமையில் குருப்பட்டம் பெற்றார். பண்டைக் கார்த்தேசுத் திருச்சபையின் குருக்களைப் பற்றி ஆராய்ந்து இறையியலில் முனைவரானார். இலத்தீனும் இத்தாலியமும் பிற ஐரோப்பிய மொழிகளும் அவருக்குக் கைவந்தன. தாய்மொழியின் பேரிலக்கியங்களோ இன்னும் திறவாத கதவாகவே இருந்தன. அந்நாளைய ஆங்கிலக் கல்வி அப்படி!

தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியேற்று, 1940-இல் வடக்கன்குளம் புனித தெரேசாள் பள்ளிக்கு ஆசிரியராய் வந்தார். அங்கேதான் அவர் வாழ்வு திரும்பியது. பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் தமிழ் இலக்கியம் பாடங்கேட்கத் தொடங்கினார். பகலில் ஆசிரியர், பண்டிதர் முன்னே மாணவர். உரோமையில் முனைவர் பட்டம் பெற்ற கத்தோலிக்கக் குரு, இந்துப் பெரியவர் ஒருவரிடம் பாடங்கேட்க அமர்ந்தார். பட்டம் பெற்ற பின் ஏடு தூக்கிச் செல்வது அன்றும் எளிதன்று, இன்றும் எளிதன்று. திருப்பலி தமிழில் ஒலிக்கத் தொடங்கியது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை ஒட்டி, 1960-களில் தான் என்பதை நினைத்தால், பீடத்திற்குத் தமிழ் வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே இக்குருவானவர் அதற்காக உழைக்கலானார் என்பது விளங்கும். குருமடம் செல்லும் மகனுக்கு ஆங்கிலம் வந்தால் போதும், தமிழ் தானே வந்துவிடும் என்று எண்ணும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அடிகளாருக்குத் தமிழ் தானே வந்துவிடவில்லை.

1945-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சேர்ந்து தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றார். சங்கப் பாடல்களில் இயற்கையைப் பற்றி ஆய்வேடும் அளித்தார். 1952-இல் 'தமிழ்க் கலாசாரம்' எனப் பொருள்படும் பெயரில் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். தமிழைத் தமிழருக்கே சொல்லிக்கொண்டிருந்தால் போதாது என்பது அவர் கருத்து.

அவருடைய கண்ணோட்டத்தை அவர் பயணநூலின் பெயரே கூறும்: 'ஒன்றே உலகம்'. கத்தோலிக்கம் என்ற சொல்லுக்கு அனைவர்க்கும் உரியது என்பதன்றோ பொருள்? தம் மொழியை நேசிப்பவன் பிறர் மொழியை வெறுக்க வேண்டியதில்லை என்று அவர் வாழ்ந்து காட்டினார். அந்தாவோ தெ புரோயென்சா அடிகளார் தொகுத்து 1679-இல் அச்சேறிய தமிழ்-போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்திலிருந்து வெளிக்கொணர்ந்து, 1966-இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக்கினார். அதே ஆண்டில், அதே நகரில், முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது. அதற்கு வித்தான உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964 சனவரியில் புதுதில்லியில் அமைந்தபோது முன்னின்றவர் அவரே. 1968-இல் நம் சென்னையும் இரண்டாம் மாநாட்டைக் கண்டது.

1974 சனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்த நான்காம் மாநாட்டின் இறுதி நாள் உயிர்ப்பலியில் முடிந்தது. பிறந்த மண்ணில் நேர்ந்த அத்துயருக்குப் பின் ஆறாண்டுகள் வாழ்ந்து, 1980 செப்டம்பர் முதல் நாள் அடிகளார் இறைவனடி சேர்ந்தார்.