திரளில் தவறாத காலடி

பண்டைத் தமிழகத்தின் வட எல்லையாகப் போற்றப்பட்ட வேங்கடத்தின் அடிவாரத்தில், ஆண்டுதோறும் மே மாதத்தை ஒட்டித் திருப்பதி நகரம் தாத்தய்யகுண்டா கங்கம்மாவின் ஜாத்திரையில் திளைக்கிறது. திருவேங்கடமுடையானின் தங்கையாகக் கருதப்படும் அன்னைக்குத் திருமலை தேவஸ்தானத்திலிருந்து பட்டும் மஞ்சளும் குங்குமமும் பிறந்த வீட்டுச் சீராக வருகின்றன. பெண்களுக்குத் தீங்கிழைத்த பாளையக்காரன் ஒருவனைத் தேடி அன்னை பல வேடங்களில் அலைந்து, இறுதியில் அவனை வதைத்தாள் என்பது கதை. அதனை நினைவுகூர்ந்து பக்தர்கள் பைராகி, தோட்டி, துரை, மாதங்கி முதலிய வேடங்கள் புனைகின்றனர். ஆடவர் பலர் சேலை உடுத்தி வருகின்றனர். தப்பட்டை முழங்க, தோளோடு தோள் உரசத் தெருவே ஆடுகிறது.

சித்தூர்ப் பகுதிக் கிராமங்களிலோ தருமராஜா கோயில்களில் 18 நாள் பாரத விழா நடைபெறுகிறது. மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தருகே, கதாயுதம் ஏந்திய பீமன் ஆவேசத்துடன் வலம் வரும்போது, ஊரே சூழ்ந்து நிற்கிறது.

மேலைநாட்டிலும் இத்தகைய திரள் ஆட்டம் உண்டு. 1980களில் அமெரிக்க ஹார்ட்கோர் பங்க் இசையரங்குகளில் பரவிய 'மாஷ் பிட்' என்பது அதன் பெயர். மேடைக்கு முன்னால் இளைஞர்கள் ஒருவர்மீது ஒருவர் மோதி ஆடுவர். பார்ப்பவர்க்கு அது கைகலப்பாகவே தோன்றும். ஆயினும் அதற்குள் எழுதப்படாத விதி ஒன்று உண்டு: விழுந்தவரை அக்கணமே தூக்கி நிறுத்த வேண்டும்.

நம் தற்காப்புக் கலை ஆசான்களும் இந்த நிதானத்தையே முதற்பாடமாக வைத்தனர். சிலம்பத்தில் கம்பைச் சுழற்றுவதற்கு முன் காலடி வரிசை பழக வேண்டும். களரிப்பயிற்றில் மெய்ப்பயிற்சியான மெய்த்தாரிக்குப் பின்னரே கோல்தாரி. அதன் பின்னரே வாளும் கேடயமும். ஏழு வயதில் களரி புகுந்த கேரளத்து வடகரை மீனாட்சி அம்மா, முதுமையிலும் மாணவர்க்கு இம்முறையிலேயே கற்பித்து, 2017ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார். இரும்புச் சங்கிலியை அறுத்துக் 'கலியுக பீமன்' எனப் பெயர் பெற்ற ஆந்திரத்து மல்லர் கோடி ராமமூர்த்தி நாயுடுவும், சென்னைச் சைதாப்பேட்டையில் உடற்பயிற்சிக் கல்வி முடித்து விஜயநகரத்தில் ஆசிரியராக இருந்தவரே. வலிமை ஒழுங்கிலிருந்தே பிறக்கிறது என்பதற்கு இவர்கள் வாழ்வே சான்று.

அவ்வொழுங்கு குலையுமிடத்தில் விளைவு கொடியது. 2000ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ரோஸ்கில்டே இசைவிழாவில் மேடை முன் நெரிசலில் 9 இளைஞர்கள் உயிரிழந்தனர். 2025 ஜனவரி 8 அன்று, வைகுண்ட துவார தரிசன டோக்கனுக்காகத் திருப்பதியில் காத்திருந்தோரிடையே ஏற்பட்ட நெரிசலில் 6 பக்தர்கள் மாண்டனர். ஆட்டமாயினும் வழிபாடாயினும் உடலின் இயல்பு ஒன்றே. இத்தகைய விபத்துகளில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை. மார்பு அழுந்தி, நின்ற நிலையிலேயே மூச்சுத் திணறி இறக்கின்றனர்.

திரளை முறைப்படுத்துவது விழா நடத்துவோரின் கடமை. எனினும் நாம் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியவை சில. நெருக்கம் மிகுமுன்பே விலகிவிடுவது நலம். சிக்கிக்கொண்டால் குத்துச்சண்டை வீரரைப் போல இரு கைகளையும் மார்புக்கு முன் வைத்து மூச்சுக்கு இடம் தேடிக்கொள்ள வேண்டும். கால்களைச் சற்றே அகற்றி ஊன்ற வேண்டும். தள்ளுவோரை எதிர்த்துத் தள்ளாமல், அலை தணியும் இடைவெளியில் குறுக்காக நகர்ந்து ஓரத்தை அடைய வேண்டும். கைப்பை நழுவினாலும் குனியக் கூடாது. தொலைந்த வங்கி அட்டையை ஒரு தொலைபேசி அழைப்பில் முடக்கிவிடலாம்; உயிருக்கு அத்தகைய வசதி இல்லை. அருகில் எவரேனும் விழுந்தால் குரலெழுப்பி, இருவர் மூவராகச் சேர்ந்து தூக்கிவிட வேண்டும்.

ஆசான் கற்பிக்கும் காலடியும் மாஷ் பிட்டின் எழுதாத விதியும் உணர்த்துவது ஒன்றே: தான் நிலையாக நிற்பவனே பிறரைத் தாங்க இயலும். வரும் ஜாத்திரைக்கும் தரிசனத்துக்கும் செல்லும் வாடிக்கையாளர்கள் அனைவரும் இதை மனத்தில் இருத்தி, குடும்பத்தினருடன் நலமே சென்று நலமே திரும்ப வாழ்த்துகிறோம்.