பஸ்சில் காது கொடுக்கும் 'பெருசு'கள்: ஒட்டுக்கேட்டால் குற்றமா?

கோவை காந்திபுரம் டவுன் பஸ் நிலையம், வ.உ.சி. பூங்கா, ரேஸ்கோர்ஸ் நடைபாதை... காலேஜ் பையனும் பொண்ணும் நின்று பேசினால் போதும், பக்கத்தில் ஒரு காது நீளும். "ஏங்கண்ணு, நீ யாரூட்டு புள்ள?" என்று விசாரிப்பு வந்துவிட்டால், பொண்ணு வீடு திரும்பும் முன்பே சேதி போய் சேர்ந்துவிடும்.

இது குற்றமா? போனை ஒட்டுக்கேட்க போலீசுக்கே உள்துறை செயலாளர் மட்டத்தில் உத்தரவு வேண்டும். பக்கத்து சீட்டு பேச்சு காதில் விழுவது குற்றம் ஆகாது. ஆனால் பொது இடத்துக்கு வந்ததாலேயே ஒருவரின் அந்தரங்க உரிமை போய்விடாது என்கிறது, 2017-ல் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்பு. விருப்பம் இல்லை என்று காட்டிய பெண்ணை விடாமல் பின்தொடர்ந்து பேச்சு கொடுத்தால், பாரதிய நியாய சன்ஹிதா 78-வது பிரிவு பாயும். முதல் தடவைக்கே 3 ஆண்டு வரை ஜெயில்.

வெறும் வம்புதானே என்று விடவும் முடியாது. கொங்கு மண்டலத்தை உலுக்கிய கோகுல்ராஜ் வழக்கில் பேச்சை யாரும் கேட்கக்கூட இல்லை, பேசியதை பார்த்ததே போதுமாக இருந்தது. 2015 ஜூன் 23-ந்தேதி திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோவிலில் உடன் படித்த வேறு சாதி பெண்ணுடன் பேசிக்கொண்டிருந்த அந்த என்ஜினீயரிங் பட்டதாரி கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாக கிடந்தார். 2022-ல் மதுரை சிறப்பு கோர்ட்டு 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அதில் 8 பேரின் தண்டனையை 2023-ல் ஐகோர்ட்டு உறுதி செய்தது. கோவில் கேமரா பதிவுதான் வழக்கில் முக்கிய ஆதாரம் ஆனது.