விட்டு விட்டு அடித்தால், விடாமல் அடித்தால்

தே தாரேக் ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் உயரமான ஹோட்டலிலோ அடுக்குமாடியிலோ தீ மணி அடித்தால் நம்மவர்கள் முதலில் பக்கத்து ஆளின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவர் எழுந்தால் இவரும் எழுவார். ஆனால், என்ன செய்ய வேண்டும் என்பதை மணி அடிக்கும் விதமே சொல்லிவிடுகிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. விடியுமுன் கேட்டால் வேலைக்குக் கூப்பிடும் பெரட்டு மணி. அதே மணி நேரங்கெட்ட நேரத்தில் படபடவென்று அடித்தால் லயமே வாசலுக்கு வந்துவிடும்.

மலேசியாவின் 1984ஆம் ஆண்டுக் கட்டட உபவிதிகளில் 237ஆவது விதி இதைச் சட்டமாகவே எழுதியிருக்கிறது. கார் நிறுத்துமிடத்தையும் சாமான் வைக்கும் இடத்தையும் கழித்துத் தளப்பரப்பு 9,290 சதுர மீட்டரையோ, உயரம் 30.5 மீட்டரையோ தாண்டினால் இரண்டு கட்ட எச்சரிக்கை வேண்டும். (எண்கள் ஏன் இப்படிக் கோணலாக இருக்கின்றன? பழைய அளவுக்கு மாற்றிப் பாருங்கள்: ஒரு லட்சம் சதுர அடி, நூறு அடி.) தீ பிடித்த பகுதியில் மணி விடாமல் அடிக்கும்; உடனே இறங்கிவிட வேண்டும். அதை ஒட்டிய பகுதியில் விட்டு விட்டு அடிக்கும். தயாராக இருந்தால் போதும். எல்லோரும் ஒரே நேரத்தில் படிக்கட்டுக்குப் பாய்ந்தால், தீக்குப் பக்கத்தில் இருப்பவர்தான் நடுவில் மாட்டிக்கொள்வார்.

வெளிநாடு போகிறவர்கள் இதை அப்படியே நம்பிவிட வேண்டாம். ஐஎஸ்ஓ 8201 தரத்தில், அரை அரை விநாடியாக மூன்று ஒலி, பிறகு ஒன்றரை விநாடி அமைதி என்று வந்தால், 'வெளியேறு' என்றே பொருள். அமெரிக்காவில் அதுதான் வழக்கம்.

சத்தம் எவ்வளவு வேண்டும்? பிரிட்டிஷ் தரம் பொதுவாக 65 டெசிபலும், உறங்குகிறவரின் தலைமாட்டில் 75 டெசிபலும் கேட்கிறது. சத்தம் மட்டும் போதாது என்பதுதான் என் கவலை. வயதானால் கீச்சென்ற ஒலிதான் முதலில் காதை விட்டுப் போகும். வீட்டுப் புகை அலாரம் பெரும்பாலும் 3,100 ஹெர்ட்ஸ் அளவில் கீச்சிடும். தோட்டத்தை விட்டு மகன் வீட்டு அடுக்குமாடிக்கு வந்த தாத்தா புரண்டுகூடப் படுக்கமாட்டார். சோதனைகளில் 520 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலியே முதியவர்களை அதிகம் எழுப்பியது. அமெரிக்க விதிகள் ஹோட்டல் படுக்கையறைகளுக்கு அதைத்தான் கேட்கின்றன.

காதே கேளாதவர்களுக்குப் பளிச்சிடும் விளக்கு. விநாடிக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் அது மின்னக்கூடாது. ஒரே அறையில் பல விளக்குகள் இருந்தால் எல்லாம் ஒன்றாகவே மின்ன வேண்டும். ஆளுக்கொரு தாளத்தில் மின்னினால் சிலருக்கு வலிப்பு வரக்கூடும். ஆழ்ந்து தூங்குகிறவரை எழுப்ப அந்த விளக்கையும் முழுதாக நம்ப முடியாது. அதற்குத் தலையணைக்கு அடியில் வைக்கும் அதிர்வுத் தட்டு தனியாக விற்கிறது.